பால் பைதான் குட்டி சாப்பிடவே மாட்டேன் என்கிறது, அவசர உதவி தேவை

பனிக்காகம்
பால் பைதான் (ball python, பந்தாகச் சுருளும் சின்ன மலைப்பாம்பு) குட்டி ஒன்று வாங்கினேன். வந்த நாளிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. எலியைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறது. இன்றைக்குக் கையில் எடுத்ததும் பந்தாகச் சுருண்டுவிட்டது. செத்துப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெய்தல்நிலா
முதலில் பதற வேண்டாம். எந்த ஊர்? குட்டியின் எடை என்ன? வந்து எவ்வளவு நாள் ஆகிறது? எலி உயிருள்ளதா, உறைந்ததா? சுண்டெலியா, ரேட் (rat, பெரிய எலி) குட்டியா? விற்றவர் என்ன கொடுத்து வளர்த்தார்?

கூடுவாஞ்சேரிக்காரன்
கிண்ணத்தில் கொஞ்சம் பாலும் ஒரு முட்டையும் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் புற்றுக்கு அப்படித்தான் வைப்போம்.

அரவம்
பாம்பு பால் குடிக்காது. பல நாள் தண்ணீர் காட்டாமல் அடைத்து வைத்த பாம்பு தாகத்தில் எதையும் குடிக்கும், அதைப் பார்த்துத்தான் பால் குடிக்கிறது என்கிறார்கள். பால் அதற்குச் செரிக்காது. ஒவ்வொரு இழையிலும் நானே வந்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனிக்காகம், வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். தொட்டியின் சூடான பக்கம் எத்தனை டிகிரி, குளிர்ந்த பக்கம் எத்தனை டிகிரி? எண்ணாகச் சொல்லுங்கள்.

பனிக்காகம்
ஸ்கார்பரோ, கனடா. வந்து மூன்று வாரம் இருக்கும். உறைந்த ரேட் குட்டிதான், வெந்நீரில் போட்டுக் கொடுக்கிறேன். ஒவ்வொரு இரவும் முயன்று பார்க்கிறேன். சூடு போதுமானது, ஹீட் மேட் (சூடு தரும் மின்விரிப்பு) இருக்கிறது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. அம்மா ஒரே ஏச்சு, இதைத் திருப்பிக் கொடு என்று.

மலையருவி
ஒவ்வொரு இரவுமா? காரணம் அதுதான். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை போதும். நடுவில் தொடவே கூடாது. இது பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கிக் கிடக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. அதை டிவி வெளிச்சத்தில் வைத்து, தினமும் முகத்துக்கு நேரே எலியை ஆட்டினால் எப்படித் தின்னும்? தொட்டியின் மூன்று பக்கமும் அட்டையால் மூடுங்கள். உடல் உரசுகிற அளவுக்கு இறுக்கமான மறைவிடம் இரண்டு வையுங்கள், சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று.

ராஜநடை
என் பைதான் குளிர்காலம் முழுக்க ஒன்றும் தின்னாமல் இருந்தது. கவலையே வேண்டாம்.

அரவம்
உங்களுடையது வளர்ந்த ஆண். இனப்பெருக்கக் காலத்தில் அவை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், உடம்பில் கொழுப்பு இருக்கிறது. ஐம்பது, அறுபது கிராம் குட்டிக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைக்கட்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும்.

'சூடு போதுமானது' என்பது பதில் ஆகாது. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள், முனை வைத்த டிஜிட்டல் மானி வாங்குங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத ஹீட் மேட் ஒன்று பாம்பைச் சுடும், இல்லை ஒன்றுக்கும் உதவாது.

நெய்தல்நிலா
ஸ்கார்பரோ என்றதும் எனக்குத் தோன்றுவது ஈரப்பதம். குளிர்காலத்தில் நாள் முழுக்க ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துபோகும். மேலே வலை மூடி போட்ட தொட்டி என்றால் இன்னும் மோசம். 60 சதவீதம் அளவில் வைத்திருங்கள். மூடியில் பாதியை மறையுங்கள், தேங்காய் நார்த் தூளை லேசாக நனைத்துப் பரப்புங்கள். கண் நீலம் பாரித்திருக்கிறதா? சட்டை உரிக்கப் போகிற நேரத்தில் பல குட்டிகள் தின்னாது.

தவளைத்தம்பி
உயிருள்ள எலியை விட்டுப் பாருங்கள், அஞ்சு நிமிடத்தில் முடிந்துவிடும். உறைந்த இறைச்சியை எந்தக் காட்டில் பாம்பு தின்கிறது?

மலையருவி
எலி திருப்பிக் கடிக்கும், தம்பி. பசியில்லாத பாம்போடு எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போனவர்கள், காலையில் முதுகு கிழிந்த பாம்பைப் பார்த்திருக்கிறார்கள். உறைந்ததே போதும், கொடுக்கிற விதம்தான் முக்கியம். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள், மைக்ரோவேவ் கூடாது. அப்புறம் ஒரு பையில் போட்டு வெந்நீரில் இறக்குங்கள். உதட்டோரக் குழிகளால் இந்தப் பாம்பு சூட்டை உணரும், எலியின் தலை 38 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது இரையாகத் தெரியும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, விளக்கை அணைத்து, நீள இடுக்கியால் மறைவிடத்தின் வாசலில் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். தொடாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள்.

புற்றுமண்
தொட்டியே வேண்டாம் என்பேன். காற்றுத் துளை போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகளை மண்பானையில் இட்டு வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இருட்டும் இறுக்கமும்தான் பாம்புக்கு நிம்மதி.

நெய்தல்நிலா
அந்தப் பாம்புகள் விஷம் எடுக்கச் சில வாரம் மட்டும் அங்கே இருப்பவை, பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். அதை வைத்து ஒரு பாம்பின் ஆயுளுக்கும் டப்பாவைப் பரிந்துரைக்காதீர்கள்.

புற்றுமண்
ஆயுளுக்கும் என்று நான் சொல்லவில்லை. தின்னத் தொடங்கும் வரை. வளர்ப்பவர்கள் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

நெய்தல்நிலா
விற்பதற்கு நூற்றுக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கு டப்பா வசதி. ஒரே ஒரு பாம்பு வைத்திருப்பவர் இலை தழை, மரப்பட்டை எல்லாம் அடைத்தால் பெரிய தொட்டியிலும் அதே பாதுகாப்பு கிடைக்கும். நீட்டி நெளிய இடமும் இருக்கும்.

கூடுவாஞ்சேரிக்காரன்
இதையெல்லாம் படித்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. இங்கே வீட்டில் வளர்க்கலாமா?

அரவம்
நம் ஊர்ப் பாம்பு எதையும் வளர்க்க முடியாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பால் பைதான் சைட்டீஸ் (CITES, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிர்களும் சட்டத்துக்குள் வந்துவிட்டன, 2024 விதிகளின்படி இந்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுபவற்றில் இந்த இனம் அடிக்கடி இருக்கிறது. காகிதம் இல்லாமல் யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தவளைத்தம்பி
காகிதம் கேட்டால் யாரும் விற்க மாட்டார்கள்.

அரவம்
அப்படியானால் நீங்களும் வாங்காதீர்கள்.

மலையருவி
இழை எங்கேயோ போகிறது. பனிக்காகம் இருக்கிறாரா? விற்றவர் என்ன கொடுத்தார் என்று நிலா அக்கா கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. முதலில் எதைத் தின்று பழகியதோ அதன் வாசனையைத்தான் இந்த இனம் தேடும். சுண்டெலியில் பழகியது ரேட் குட்டியை உணவாகவே மதிக்காது.

ராஜநடை
வாயைத் திறந்து உள்ளே வைத்துவிட்டால் என்ன?

நெய்தல்நிலா
வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் சரிசெய்து, எடையும் விழுந்த பிறகு, அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்து செய்கிற கடைசி வழி அது. பழகாத கை அழுத்தினால் தாடை போய்விடும், எலியைக் கண்டாலே பயமும் வந்துவிடும்.

பனிக்காகம்
ஓம் அக்கா, விற்றவரிடம் கேட்டேன். சுண்டெலிதான் கொடுத்தாராம், உறைந்தது. தெர்மோஸ்டாட் வாங்கி, தொட்டியை என் அறைக்கு மாற்றி, ஒரு வாரம் தொடாமல் விட்டேன். நேற்று இரவு சுண்டெலி வைத்தேன், பிடித்துச் சுற்றி முழுசாக விழுங்கிவிட்டது!! எல்லோருக்கும் நன்றி.

அரவம்
நல்லது. 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும். ஒரு வாரம் கழித்து அதே அளவு சுண்டெலி. நாலைந்து வேளை ஒழுங்காகத் தின்ற பிறகு ரேட் குட்டிக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

நெய்தல்நிலா
எடை எவ்வளவு இருந்தது? சூடு இப்போது எத்தனை டிகிரி?

ஓடைக்கரை
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் கார்ன் ஸ்நேக் குட்டி. அவசரம்.

நெய்தல்நிலா
கார்ன் ஸ்நேக் குட்டிகளில் சில பல்லி வாசனை இருந்தால்தான் எலியைத் தொடும், அதற்கு வேறு வழி இருக்கிறது. தனி இழை தொடங்குங்கள். எடை, இரண்டு பக்கத்துச் சூடு, என்ன இரை, கடைசியாக எப்போது சட்டை உரித்தது, எல்லாவற்றையும் முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.