ஒரு செறங்கை உப்பு

குழு: ஆச்சி வீடு
15 மே 2025, வியாழன்

[காலை 5:52] பெரியம்மா: எல்லாரும் எழுந்தாச்சா? ஆச்சி விடிய நாலு மணிக்கே மொட்டமாடிய ஒரு சுத்து பாத்துட்டு வந்துட்டாவ. இந்த வருசம் கூழ் வத்தல் எப்பம் போடுதோம்னு கேக்காவ. நான் ஒத்தையா என்னத்தச் சொல்ல?

[காலை 5:58] அம்மா: போடுறதுன்னா சீக்கிரம் போட்டுருங்கக்கா. தென்காசில நேத்து சாயங்காலமே காத்து மாறிட்டு. குத்தாலத்து மலைல மேகம் இறங்கி நிக்கு.

[காலை 6:04] தூத்துக்குடி மாமா: கேரளாவுல இந்த வருசம் 27ஆம் தேதி வாக்குலயே மழை ஆரம்பிச்சிரும்னு வானிலைத் துறைல சொல்லிருக்காங்க. வழக்கமா ஜூன் 1தான் கணக்கு. அங்க மழைன்னா நம்ம பக்கம் காத்து. விரிச்ச வேட்டி நிக்காது, வத்தல்ல மண்ணு ஒட்டும்.

[காலை 6:05] பெரியம்மா: கத்திரி 28 வரைக்கும் இருக்குல்லா?

[காலை 6:07] தூத்துக்குடி மாமா: இருக்கட்டும்க்கா. வத்தலுக்கு மூணு முழு வெயில் வேணும்லா. இந்த ஞாயிறு, திங்கள், செவ்வாய் விட்டா பொறவு கெடைக்கும்னு எனக்குத் தோணல.

[காலை 6:20] துபாய் அண்ணன்: அம்மா, ஆச்சிக்கு 81 வயசாகுது. போன வருசம் மாடில தலை சுத்தி உக்காந்தத மறந்துட்டீங்களா? கடையில ரெண்டு கிலோ வாங்குங்க. பணம் நான் அனுப்புதேன்.

[காலை 6:26] பெரியம்மா: பணமா பிரச்சினை? தையில கடை வத்தல் வாங்கிப் பொரிச்சேன். நாக்குல சோடா தட்டுதுன்னு ஆச்சி ஒண்ணு கடிச்சுட்டு இலை ஓரத்துல வச்சுட்டாவ.

[காலை 6:31] அக்கா: நான் ஒண்ணு சொல்லவா? எல்லாரும் ஆச்சி வெயில்ல நிக்கிறதப் பத்தியே பேசுறோம். விடிய நாலு மணிக்கு அந்தப் பெரிய பானைல முக்கா மணி நேரம் கூழ் கிண்டுறது பெரியம்மா. அவங்களுக்கும் 60 தாண்டியாச்சு, தோள்ல வலி. வருசா வருசம் அவங்க கிண்டி, காய வச்சு, டப்பா டப்பாவா கட்டி கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் அனுப்புறாங்க. நாம பொரிச்சுத் தின்னுட்டு போட்டோ போடுறோம். ஒரு தடவையாவது நாம யாராவது போய்க் கிண்டிருக்கோமா?

[காலை 6:38] பெரியம்மா: அதெல்லாம் ஒண்ணும் இல்லட்டி. பழகிப்போச்சு.

[காலை 6:40] நான்: அக்கா சொல்றது சரி. எனக்கு அது உறைக்கவே இல்ல பெரியம்மா. மன்னிச்சிருங்க.

[காலை 6:44] நான்: இன்னொண்ணும் சொல்லணும். யார்ட்டயும் சொல்லல. போன வருசம் இங்க நானே வத்தல் போட்டேன். ஆச்சிட்ட போன்ல கேட்டுத்தான் போட்டேன். ஒரு படி அரிசிக்கு ஒரு செறங்கை உப்புன்னு சொன்னாங்க, அதாவது ஒரு கைய குழிச்சு அள்ளுற அளவு. அப்படியேதான் போட்டேன். பொரிச்சு வாயில வச்சா கரிச்சுது. அவ்வளவும் குப்பைக்குப் போச்சு. மூணு நாள் வெயில்ல நின்னது நெஞ்சுலயே இருக்கு. எங்க தப்பு விட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

[காலை 6:47] தூத்துக்குடி மாமா: மருமவளே, என்ன உப்பு போட்ட?

[காலை 6:47] நான்: பாக்கெட் உப்புதான் மாமா. பொடி உப்பு.

[காலை 6:52] தூத்துக்குடி மாமா: அங்கதான் விட்டிருக்க. ஆச்சி சொல்லுத செறங்கை கல்லுப்பு. இங்க உப்பளத்துல வாரிக் குவிச்சு வச்சிருப்பாங்கல்லா, அள்ளிப் பாத்தா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சந்து இருக்கும். பொடி உப்பு சந்தில்லாம அடைஞ்சு உக்காரும். அதே கைதான், எடை கூடிரும்.

[காலை 6:55] அக்கா: பெரியம்மா, அண்ணன் வாங்கித் தந்த எடை மெஷின் இருக்குல்ல? ஆச்சி கையால உப்ப அள்ளச் சொல்லி நிறுத்துப் பாருங்களேன். இவளும் அங்க நிறுக்கட்டும்.

[காலை 7:10] பெரியம்மா: (படம்) மூணு தடவ அள்ளச் சொன்னேன். 44, 42, 45 கிராம்.

[காலை 7:12] நான்: (படம்) எனக்கு 70 பெரியம்மா!

[காலை 7:13] அம்மா: அடியாத்தி.

[காலை 7:15] நான்: கல்லுப்பையும் அள்ளிப் பாத்தேன். அதுவே 58 வருது. அப்போ உப்பு மட்டும் இல்ல, கையும் வேற.

[காலை 7:19] பெரியம்மா: படத்த நல்லா பாரு. ஆச்சிக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கித்தான் நிக்கும், நீட்ட வராது. அந்தக் குழியில எவ்வளவு நிக்குமோ அதுதான் செறங்கை. இத்தன வருசம் பக்கத்துல நின்னும் நான் அதக் கவனிக்கல.

[காலை 7:21] துபாய் அண்ணன்: படத்தப் பெருசாக்கிப் பாத்துட்டே இருக்கேன்மா.

[காலை 7:24] துபாய் அண்ணன்: படின்னா எவ்வளவு? எனக்கு உழக்கு, ஆழாக்கு எல்லாம் பேர்தான் தெரியும்.

[காலை 7:29] தூத்துக்குடி மாமா: ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். ஆனா ஊருக்கு ஊர் படி மாறும், பட்டணம் படி பெருசு. அதனால நம்ம வீட்டு பித்தள உழக்குதான் கணக்கு. அக்கா, அதுலயும் அரிசிய அளந்து நிறுத்துப் போடுங்க.

[காலை 7:41] பெரியம்மா: தலை தட்டினா 290 கிராம். கோபுரமா அளந்தா 330. ஆச்சி அரிசிக்குத் தலை தட்டித்தான் அளப்பாவ. கோபுரம் யாருக்காவது குடுக்கும்போதுதானாம்.

[காலை 7:58] பெரியம்மா: (குரல் பதிவு, 2:10) ஆச்சி பேசிருக்காவ. எல்லாரும் கேளுங்க.

[காலை 8:20] அக்கா: அவங்க சொன்னபடியே எழுதிட்டேன். இங்கயே கிடக்கட்டும்:

"ஏட்டி, நல்லா கேட்டுக்கோ. இட்லி அரிசி நாலு உழக்கு. மொத நா மத்தியானம் ஊறப் போட்டு ராத்திரி வெண்ணெயா அரைச்சு மூடி வையி. ஜவ்வரிசி ஒரு உழக்கு, அது தனியா ஊறணும். விடிய நாலுக்கு அடுப்பப் பத்த வையி. கரண்டியால ஊத்துற வத்தலுக்கு ஒண்ணுக்கு ஆறு தண்ணி, அச்சுல பிழியுறதுக்கு மூணு போதும். தண்ணி தளதளன்னு கொதிக்கும்போ பச்சமிளகாயும் உப்பும் அரைச்சதப் போடு. ஜவ்வரிசி வெந்து கண்ணாடியா வந்த பொறவு மாவ ஊத்து. ஊத்துறவ ஒருத்தி, கிண்டுறவ ஒருத்தி, ஒருத்தியே ரெண்டும் செஞ்சா கட்டி தட்டும். கை நனைச்சுத் தொட்டா ஒட்டக் கூடாது. இறக்கி வச்ச பொறவு எலுமிச்சம்பழம் பிழி, கொதியில பிழிஞ்சா கசந்து போவும். சீரகம், பெருங்காயம் அப்பந்தான். கூழ நாக்குல வச்சா உப்பு காணலியேன்னு இருக்கணும். காஞ்சா தானா ஏறும். சாயங்காலம் வேட்டியத் திருப்பிப் போட்டு முதுகுல தண்ணி தெளி, கேக்காமலே உரிஞ்சு வரும். அடுத்த நாளு தட்டுல. ஒடிச்சா படக்குனு கேக்கணும்."

[காலை 8:24] நான்: கூழ்லயே உப்பு சரியா இருக்குன்னு நான் நெனச்சேன். தண்ணி அவ்வளவும் வத்திப் போகும், உப்பு அங்கயேதான் இருக்கும்னு யோசிக்கல.

[காலை 8:33] துபாய் அண்ணன்: பொரிச்ச வத்தல் இங்க எல்லாக் கடையிலயும் கெடைக்கு. மொத நா சாயங்காலம் வேட்டில இருந்து உரிக்கும்போ ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல கூழாவே இருக்கும்லா, அது எந்தக் கடையிலயும் கெடைக்காது. காக்கா விரட்ட என்னைக் கறுப்புக் குடையோட உக்கார வச்சுட்டு நீங்க எல்லாம் தூங்கப் போவீங்க. எழுந்து வந்தா ஒரு வரிசையே இருக்காது.

[காலை 8:35] பெரியம்மா: தெரியும்ல ராசா. ஆச்சி ஒனக்குன்னே ஒரு வரிசை கூட ஊத்துவாவ.

[காலை 8:36] துபாய் அண்ணன்: இது எனக்குத் தெரியாதும்மா.

[காலை 8:50] அக்கா: நாளைக்கு ராத்திரி பஸ்ல நான் வாரேன். கிண்டுறது நான். பெரியம்மா ஊத்தினா போதும்.

[காலை 8:52] நான்: எங்க அப்பார்ட்மென்ட்ல சோலார் போட்ட பொறவு மொட்டமாடிய யாருக்கும் திறக்கிறதே இல்ல. இங்க போட வழியும் இல்ல, நானும் வரேன். நாளைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்க்கு தட்கல் பாக்குறேன். ஏசி பத்து மணிக்குத் திறக்கும், கெடைக்கலன்னா பதினோரு மணிக்கு ஸ்லீப்பர்.

[காலை 8:55] அம்மா: சனி காலைல நானும் பாளையங்கோட்டைக்கு வந்துருதேன். அம்மா மாடி ஏற வேண்டாம். படிக்கட்டு நெழல்ல நாற்காலி போட்டு உக்காரட்டும். கூழு பதம் மட்டும் அவங்க பாக்கட்டும்.

[காலை 8:57] தூத்துக்குடி மாமா: கல்லுப்பு நான் கொண்டாரேன். ஞாயித்துக்கிழம விடிய நாலுக்கு அடுப்பு.

[காலை 10:06] நான்: கெடைச்சிட்டு! ரெண்டு நிமிசத்துல 14 சீட்டுதான் மிச்சம் இருந்துது. கை நடுங்கிட்டு.

[காலை 10:15] பெரியம்மா: (குரல் பதிவு, 0:14)

[காலை 10:19] அக்கா: இது என் காதுக்குச் சரியா விழல. என்ன சொல்றாங்க?

[காலை 10:22] பெரியம்மா: வரும்போ வேட்டி ஒண்ணு கொண்டு வரச் சொல்லுதாவ. தாத்தா வேட்டிலதான் இத்தன வருசமும் ஊத்தினோம். போன வருசம் உரிக்கும்போ நடுவுல கிழிஞ்சிட்டு. அத மடிச்சு பீரோவுல வச்சிருக்காவ, துணி தொடைக்க எடுக்க விடல.

[காலை 10:25] நான்: அப்பா வேட்டி ரெண்டு இருக்கு. ரெண்டையும் எடுத்துட்டு வரேன்.

[காலை 10:26] அம்மா: நூல் வேட்டியாப் பாத்து எடு. பாலியஸ்டர் கலந்தது தண்ணி குடிக்காது, உரிக்க வராது. நாலஞ்சு தடவ துவைச்சதா இருக்கணும், கஞ்சி இருந்தா வத்தல்ல ஒட்டும்.