செதிலில் ஏழு, காதுக்கல்லில் பதினாறு

மீனின் வயதை வளையம் எண்ணிக் கணிப்பதில் நம்மில் பலரும் செதிலில்தான் தொடங்கியிருப்போம். நானும் அப்படித்தான். ஒரு பெரிய களவா மீனின் பக்கத்துடுப்புக்குப் பின்னாலிருந்து பத்துச் செதில்களை எடுத்துக் கழுவி, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். மூன்றில் நடுப்பகுதி வெறும் மங்கலாக இருந்தது, வளையமே இல்லை. பழைய செதில் உதிர்ந்த இடத்தில் பின்னால் முளைத்தவை அவை. மீனின் இளம்பருவம் அவற்றில் பதிந்திருக்காது. ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் வருடத்துக்கு ஒரு வளையம் என்ற கணக்கில் எண்ணினேன். ஏழு. நிம்மதியாகக் குறித்து வைத்தேன்.

மறுநாள் தலையைப் பிளந்து, மூளையை ஒட்டி இருபுறமும் உட்காதில் இருந்த சிறு சுண்ணாம்புக் கற்களை, அதாவது காதுக்கற்களை, எடுத்தோம். இடுக்கியில் பிடிக்கும்போது கை நடுங்கியது. ஓரம் உடைந்தால் கடைசி வருடங்கள் போய்விடுமே! கல்லைப் பிசினில் பதித்து, மையம் கெடாமல் வைரச் சக்கரத்தால் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகடாக அறுத்தோம். நுண்ணோக்கியில் முதல் நாலைந்து வளையங்கள் நல்ல இடைவெளியோடு தெரிந்தன. அப்புறம் நெருங்கி நெருங்கி, ஓரத்துக்குப் போகப் போக மயிரிழைகளாகிவிட்டன. பதினாறு! மூன்று முறை எண்ணினேன்.

வயதான மீன் வளர்வது குறைந்ததும் செதிலில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உணவு கிடைக்காத காலத்தில் செதிலின் ஓரம் கரைவதும் உண்டு. காதுக்கல்லில் மீன் நீளாத வருடத்திலும் சுண்ணாம்பு படிந்துகொண்டே இருக்கும். எலும்பைப் போல அதை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதும் இல்லை.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. சீலகாந்த் என்ற ஆழ்கடல் மீன் சுமார் 20 வருடம் வாழும் என்றுதான் செதிலை வைத்து நினைத்திருந்தார்கள். 2021இல் செதில்களை முனைவுற்ற ஒளியில் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியில்) பார்த்தபோது கண்ணுக்குத் தப்பியிருந்த மெல்லிய வளையங்கள் தெரிந்தன. ஆயுள் நூறு வருடத்தை ஒட்டி வந்தது. மெதுவாக வளர்ந்து தாமதமாக இனப்பெருக்கம் செய்யும் மீனை இளசு என்று நம்பி அள்ளினால் அந்த இனம் மீண்டு வராது.

வளையம் வருடத்துக்கு ஒன்றுதானா என்பதையும் ஒவ்வொரு இனத்திலும் சரிபார்க்க வேண்டும். காதுக்கல்லில் படிந்து அடையாளக் கோடு விடும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற மருந்தை ஊசியில் போட்டு, நீரில் திரும்ப விட்ட மீனைப் பிறகு பிடித்து, புற ஊதா ஒளியில் மின்னும் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணுவதை நான் பெரிதும் நம்புகிறேன்.

நீளம் தெரிந்தால் எண்ணிக்கை அதற்கேற்பச் சாய்ந்துவிடும் என்பதால், இப்போது மீனின் நீளம் எழுதிய தாளை மூடிவைத்துவிட்டுத்தான் எண்ணுகிறேன். அந்தக் களவாவின் தகட்டை இன்னொருவரிடமும் நீளம் சொல்லாமல் கொடுத்தேன். அவர் பதினைந்து என்றார். ஓரத்து வளையத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.