கோடு கீறும் கட்டையை வீட்டிலேயே செய்ய முதிரை மரம் சரிவருமா?

உப்புவெளி:
வீட்டுக்கு ஒரு வாங்கும் இரண்டு ஸ்டூலும் செய்ய மரம் எடுத்து வைத்திருக்கிறேன். பலகை விளிம்புக்கு இணையாகக் கோடு போடக் கடையில் வாங்கிய கோடு கீறும் கட்டையின் திருகு, கடற்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. பென்சில் கோட்டை நம்பிக் கழுந்து (துளைக்குள் பொருந்தும் மர முனை) அறுத்தால் துளைக்குள் ஆடுகிறது. பழைய முதிரைக் கதவுநிலைத் துண்டு ஒன்று இருக்கிறது, அதில் நானே செய்யலாமா? கீறும் முனைக்கு ஆணி வைப்பதா, கத்தி வைப்பதா?

தம்பலகாமம் பட்டறை:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. புது மரம் மாரியில் பொருமும், கச்சான் காற்றுக்கு ஒடுங்கும். பல வருடம் காய்ந்த முதிரை அவ்வளவு அசையாது, விளிம்பும் கெதியில் தேயாது.

திருகு வேண்டாம், மர ஆப்பு போதும். தண்டு (கீறும் முனையைத் தாங்கும் கோல்) 20 மில்லிமீற்றர் சதுரம், நீளம் 200. தலைக்கட்டை (தண்டில் நகர்ந்து, பலகை விளிம்பில் ஒட்டி ஓடும் கட்டை) 75க்கு 60, தடிப்பு 25. முதலில் தலைக்கட்டையில் துளையை வெட்டுங்கள். அப்புறம் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அதற்குள் ஆடாமல் வழுக்கும்படி கொண்டுவாருங்கள். வெளிப்பக்கம் சீவுவது, துளைக்குள் உளி விட்டுத் திருத்துவதைவிடச் சுலபம். துளையின் ஒரு பக்கத்தைச் சற்றுச் சரிவாக அகட்டி, அதே சரிவில் ஆப்பைச் சீவினால் பெருவிரலால் தள்ளியே இறுக்கலாம். தலைக்கட்டையின் முகம் மட்டும் நல்ல தட்டையாக இருக்க வேண்டும். அதில் அவசரப்படாதீர்கள்.

நான் கத்தியைத்தான் சொல்வேன். நார் ஓடும் திசையில் ஆணி பரவாயில்லை, குறுக்கே போனால் நாரைப் பிய்த்துவிடும். இரும்பு அறுக்கும் வாளின் பழைய பிளேட்டைத் துணியில் சுற்றி, சிறு துண்டாக உடைத்து, ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சாணை பிடியுங்கள். கிரைண்டர் என்றால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். நீலம் பாய்ந்தால் அந்த இரும்பு மெத்துப்போய்விட்டது, கூர் நிற்காது.

கத்தியின் சரிந்த பக்கம் தலைக்கட்டையைப் பார்க்க வேண்டும். பலர் கவனிக்காத இடம் இதுதான். அப்படி வைத்தால் அலகு வெளிப்பக்கம் போகப் பார்க்கும், அந்த இழுவையில் தலைக்கட்டை மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாற்றி வைத்தால் தலைக்கட்டை விலகி, கோடு அலையும்.

கிண்ணியா:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. கழுந்தின் தோளை (அதன் அடியில் படிபோல் நிற்கும் இடம்) மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்துத்தான் கீறுவீர்கள், அந்த மூலைமட்டம் சரியா என்று முதலில் பாருங்கள். நேராகச் சீவிய பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு, மூலைமட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், தெரியும் விலகலில் பாதிதான் மூலைமட்டத்தின் பிழை. மிச்ச பிளேட்டில் கீறு கத்தி ஒன்றும் செய்துகொள்ளுங்கள், தட்டைப் பக்கம் மூலைமட்டத்தோடு ஒட்டி ஓட வேண்டும். பென்சில் கோட்டில் எந்த விளிம்பில் அறுப்பது என்ற தடுமாற்றம் எப்போதும் இருக்கும். கத்திக் கோட்டிலோ உளி தானாக உட்கார்ந்துவிடும்.

உப்புவெளி:
மிக்க நன்றி இருவருக்கும். பிளேட் துண்டும் இந்தக் காற்றுக்குத் துருப்பிடிக்காதா அண்ணா?

தம்பலகாமம் பட்டறை:
பிடிக்கும். வேலை முடிய ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசி, துணியால் துடைத்து வையுங்கள். இன்னொன்று, கதவுநிலை மரம் என்றபடியால் சீவுளி வைக்க முன் காந்தத்தால் தடவிப் பாருங்கள். உடைந்த ஆணி ஏதும் உள்ளே இருக்கலாம்.