நவம்பர் குளிரில் ட்ரெயில் கேமராக்களுக்கு மலிவாக மின்சாரம் தருவது எப்படி?

நோவைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் டெட்ராய்ட்டை ஒட்டிய நோவையில் வசிக்கிறேன். உடன் பணிபுரியும் நண்பருக்குக் கேடிலாக் நகருக்கு வடக்கே 40 ஏக்கர் காடு உண்டு. நான்கு ஆண்டுகளாக அவருடன் சேர்ந்து அங்கே வெண்வால் மான் வேட்டைக்குச் சென்று வருகிறேன். மிச்சிகனில் வில் வேட்டை அக்டோபர் 1 அன்றும் துப்பாக்கி வேட்டை நவம்பர் 15 அன்றும் தொடங்கும் என்பதால், எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் கொம்பன் மான்கள் நடமாடுகின்றன என்று அறிந்துகொள்ள ஆகஸ்டு இறுதியிலேயே, விலங்கு குறுக்கே வந்ததும் தானாகவே படமெடுக்கும் ட்ரெயில் கேமராக்கள் மூன்றை மரங்களில் கட்டிவிடுவோம். இரண்டு, படங்களை நினைவக அட்டையில் சேமிக்கும் சாதாரண வகை. ஓடைக் கரையில் இருக்கும் மூன்றாவது, கைப்பேசி வலையமைப்பு வழியாகப் படத்தை அனுப்பும் வகை. ஒவ்வொன்றுக்கும் எட்டு ஏஏ பேட்டரிகள் வேண்டும். ஊரில் பென்சில் செல் என்போமே, அதுதான்.

சென்ற ஆண்டு மொத்தமாக வாங்கிய அல்கலைன் பேட்டரிகளைப் போட்டேன். செப்டம்பர் முழுவதும் ஒரு குறையும் இல்லை. அக்டோபரில் ஒருமுறை மாற்றினேன். நவம்பர் இரண்டாம் வாரம் குளிர் இறங்கிய நான்கே நாட்களில் மூன்று கேமராக்களும் அணைந்துவிட்டன. ஆண் மான்கள் இணை தேடி இரவும் பகலும் ஓடித் திரியும் வாரம் அது. வேண்டிய நேரத்தில் கையில் ஒரு படமும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 'செத்துவிட்டன' என்று நான் கழற்றிக்கொண்டு வந்த பேட்டரிகளில் ஒன்று எங்கள் சமையலறைக் கடிகாரத்தில் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

லித்தியம் பேட்டரி போடுங்கள் என்கிறார்கள். ஒன்றின் விலை இரண்டு டாலருக்கும் மேல் என்றால், 24 பேட்டரிகளுக்கு ஒரு தவணைக்கே 50 டாலரைத் தொட்டுவிடுகிறது. அல்கலைனுக்கு அதில் கால் பங்குதான் ஆகிறது. ரீசார்ஜ் செய்யும் ஏஏ, வெளியே இணைக்கும் 12 வோல்ட் பேட்டரி, சிறிய சோலார் பலகை என்று வேறு வழிகளையும் சொல்கிறார்கள். இவற்றுள் பருவம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் எது உண்மையில் மலிவு என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறை மனிதர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். விஸ்கான்சினில் இருக்கிறேன், மின்பொறியியல் படித்தவன் என்பதால் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சமையலறைக் கடிகாரத்திலேயே பதில் இருக்கிறது. அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த மின்பகுபொருள். குளிர ஆரம்பித்தால் அதற்குள் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிப் பேட்டரியின் உள்தடை பல மடங்கு ஏறிவிடும். கடிகாரம் மிகச் சொற்பமான மின்னோட்டத்தையே கேட்பதால் அதற்கு உள்தடை ஒரு பொருட்டில்லை. ஆனால் இரவில் மான் குறுக்கே வந்ததும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் ஏறத்தாழ ஒரு ஆம்பியரை ஒரே மூச்சில் இழுக்கின்றன. பேட்டரி ஒன்றின் உள்தடை குளிரில் அரை ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நிற்கும் எட்டுக்கும் சேர்த்து நான்கு ஓம் ஆகிறது. ஒரு ஆம்பியர் ஓடும்போது நான்கு வோல்ட் உள்ளேயே தொலைந்து, 12 வோல்ட் 8 வோல்ட்டாகிறது. அந்த நொடியிலேயே கேமரா அணைந்துவிடும். பேட்டரிக்குள் பாதிச் சக்தி மிச்சமிருந்தும் கேமராவுக்குக் கிடைக்காமல் போகிறது. அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு அறை வெப்பத்தில், குறைந்த மின்னோட்டத்தில் அளந்தது என்பதை மறந்துவிட்டு விலையை ஒப்பிட்டால் கணக்குத் தப்பாகவே வரும்.

லித்தியம் ஏஏ இந்த இடத்தில்தான் தன் விலைக்கு வேலை செய்கிறது. அதில் நீர் இல்லை. -40 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்றே உற்பத்தியாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 3,000 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்குக் கொள்ளளவு உண்டு. எடையும் அல்கலைனைவிடக் குறைவு. ஆனால் அதை மறுபடி சார்ஜ் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் கேமரா எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பது நல்லது. என் கேமரா ஒன்றில் மின்னோட்டத்தை அளக்கும் மல்டிமீட்டரை இடையில் இணைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 0.3 மில்லி ஆம்பியர். நாள் முழுவதற்கும் 7 மில்லி ஆம்பியர்-மணிதான். இரவில் விளக்கு எரியும்போது 0.8 ஆம்பியர். இரவுக்கு 30 முறை, ஒவ்வொன்றும் 20 நொடி ஓடும் வீடியோ எடுத்தால், அதற்கு மட்டும் 133 மில்லி ஆம்பியர்-மணி போய்விடும்; 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அதே 30 முறையும் வீடியோவுக்குப் பதில் ஒற்றைப் படம் எடுத்து, விளக்கு இரண்டு நொடி மட்டும் எரிந்தால், அதே பேட்டரி மூன்று மாதம் வரும். கொம்பன் எந்த வழியாக எத்தனை மணிக்குப் போனான் என்பதற்கு ஒரு படம் போதாதா? காசு செலவில்லாத இந்த மாற்றத்தை முதலில் செய்துவிட்டு, பிறகு பேட்டரியைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்று. நோவையிலிருந்து கேடிலாக் போய் வர 350 மைலுக்கு மேல் ஆகும் அல்லவா? பேட்டரி மாற்றுவதற்கென்றே ஒருமுறை போய் வந்தால், பெட்ரோல் காசே ஒரு தவணை லித்தியத்தின் விலையை ஏறக்குறைய எட்டிவிடும். நீங்கள் நடந்து போட்டுவிட்டு வரும் மனித வாடையை மான் எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கும் என்பது தனிக் கணக்கு.

மனிட்டூலின் குமார் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் ஒன்ராறியோவில், மனிட்டூலின் தீவில் ஐந்து கமராக்கள் வைத்திருக்கிறேன். மேலே ஐயா எழுதிய கணக்கு முழுவதும் சரி. ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் லித்தியம் வாங்கி எறிவது எனக்கு மனம் ஒப்பாத காரியம் என்பதால், நான் வெளிப் பற்றரிக்கு மாறி ஆறு வருடமாகிறது.

கமராவின் அடியில் ரப்பர் மூடி போட்ட ஒரு சிறு துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுதான் வெளி மின்சாரத்துக்கான இடம். அருகில் 6 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா, 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்பதை வாசிக்காமல் எதையும் செருகக் கூடாது. நடு ஊசி நேர்மின்னா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் என்றால், யூபிஎஸ் பெட்டிகளுக்குள்ளும் எச்சரிக்கை மணிகளுக்குள்ளும் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியே போதும். நான் தொடங்கியது அதில்தான். ஆனால் அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறங்க விடக் கூடாது. அப்படிப் பார்த்தால் கையில் கிடைப்பது 3,500 மில்லி ஆம்பியர்-மணிதான், எட்டு லித்தியம் ஏஏக்களைவிடச் சற்றுத்தான் அதிகம். இரண்டரைக் கிலோ எடையைக் காட்டுக்குள் சுமக்கவும் வேண்டும். முழுதாக ஏற்றிய ஈயப் பற்றரி எங்கள் பக்கத்துக் குளிரில் உறையாது என்றாலும், முழுதும் இறங்கியது -10 பாகையை ஒட்டியே உறைந்து வயிறு வெடித்துவிடும். ஒரு தை மாதம் போய்ப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு பற்றரிகள் பக்கவாட்டில் உப்பிக் கிடந்தன.

இப்போது அதே அளவில் வரும் லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரிகளைத்தான் வைத்திருக்கிறேன். எடை ஒரு கிலோகூட இல்லை, கொள்ளளவில் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம், பல நூறு தடவை மறுபடி ஏற்றலாம். பூச்சியத்துக்குக் கீழே அதை மின்னேற்றம் செய்யக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஏற்றுவதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

தோட்டாக்கள் வைக்கும் பழைய இரும்புப் பெட்டி ஒன்றில் பற்றரியை வைத்து, மரத்தடியில் ஒரு அடி ஆழத்தில் புதைத்து, மேலே சருகை இழுத்து மூடுகிறேன். வெளியே காற்று -20 ஆக இருந்தாலும் மண்ணுக்குள் அவ்வளவு இறங்காது. வயரைக் கமராவுக்கு ஏற்றும்போது, துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்து மேலே கொண்டுபோங்கள். மழைநீர் வயர் வழியாக ஓடி வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், கமராவுக்குள் போகாது. முள்ளம்பன்றியும் அணிலும் வயரைக் கடிப்பதால், நெளியும் உலோகக் குழாய்க்குள் விட்டுக்கொள்வது நல்லது. பற்றரியின் நேர்முனையை ஒட்டி 3 ஆம்பியர் பியூஸ் ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

நோவைக்காரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு மூன்று கேமராக்களையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். சாதாரணக் கேமராக்கள் இரண்டிலும் 12 வோல்ட் துளை இருக்கிறது. அவை 30 நொடி வீடியோ எடுக்கும் நிலையில் இருந்தன என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து நான் அமைப்புகளைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கைப்பேசி வகைக் கேமராவின் துளை வேறு அளவாக இருக்கிறது. அதற்கு மட்டும் சோலார் பலகை வைக்கலாமா? ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரிகள் வீட்டில் ஏற்கெனவே ஒரு டஜன் உள்ளன, அவற்றைப் பயன்படுத்தலாமா?

பனிமலர் எழுதியது:

வணக்கம். நானும் என் கணவரும் மினசோட்டாவின் வடபகுதியில் வேட்டைக்குச் செல்பவர்கள். சோலார் பலகையை நாங்கள் இரண்டு பருவம் வைத்துப் பார்த்துவிட்டோம். கோடைக்கு அருமை, நீங்கள் கேட்கும் நவம்பருக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேடிலாக் 44 பாகை அட்சரேகையில் இருக்கிறது. நவம்பர் நடுவில் அங்கே நண்பகலிலும் சூரியன் அடிவானிலிருந்து 27 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. போதாக்குறைக்கு மிச்சிகன் ஏரியிலிருந்து எழும் மேகம் நாள் கணக்கில் வானத்தை மூடிக்கொள்ளும். பலகையின் ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும். பல பலகைகளுக்குள் இருக்கும் சிறிய லித்தியம்-அயான் பேட்டரியும் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறுவதற்கு ஏற்றதல்ல. அப்படியும் வைப்பதென்றால் கேமரா இருக்கும் மரத்திலேயே கட்டாமல், வெயில் படும் இடமாகத் தேடி நேர்தெற்கு நோக்கி, 60 பாகை அளவுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். தாழ்ந்த வெயிலுக்கு அந்தச் சாய்வுதான் ஏற்றது; பனியும் அதில் தங்காமல் சரிந்துவிடும். உள்ளே லித்தியம் ஏஏ இருக்கட்டும். வெயில் உள்ளவரை பலகை பார்த்துக்கொள்ளும், இல்லாத வாரத்தில் ஏஏ தாங்கும். எங்கள் வீட்டில் ஒரு தவணை ஏஏ இப்படி இரண்டு பருவம் வந்திருக்கிறது.

கைப்பேசி வகையில் பேட்டரியைத் தின்பது விளக்கு மட்டுமல்ல, சிக்னல் தேடுவதும்தான். ஓடைக் கரை பள்ளமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கேமரா கோபுரத்தைத் தேடித் தவிக்கும். படத்தை உடனுக்குடன் அனுப்பாமல், நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ சேர்த்து அனுப்பும்படி அமைத்துப் பாருங்கள். துப்பாக்கி வேட்டை தொடங்கும் வாரத்தில் மட்டும் உடனடி நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அட்டையைக் கழற்றிப் பார்க்கும்போது மான் இல்லாத வெற்றுப் படங்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். எங்கள் கேமரா ஒன்று ஒரே வாரத்தில் 600 படம் எடுத்திருந்தது. முன்னால் இருந்த கோரைப்புல் காற்றில் ஆடியதுதான் அதில் முக்கால்வாசி. கத்தரிக்கோலோடு போய்ப் பத்து நிமிடம் புல்லை வெட்டிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ரீசார்ஜ் ஏஏ நிக்கல் வகை என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குளிரில் அது அல்கலைனைவிட நன்றாகவே தாங்கும். ஒன்று 1.2 வோல்ட் என்பதால் எட்டுக்கும் சேர்த்து 9.6 வோல்ட்தான் வரும். முழுதாக ஏற்றிப் போட்டாலும் சில கேமராக்கள் 'பாதிதான் இருக்கிறது' என்று காட்டும். அமைப்புகளில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். 9.6 வோல்ட்டுக்கே அணைந்துவிடும் கேமராவும் உண்டு என்பதால், வீட்டுக் கொல்லையில் இரண்டு இரவு கட்டிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குக் கொண்டு போங்கள்.

ஒருமுறை சுட்டுக்கொண்டவன் எழுதியது:

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏஏ அளவிலேயே 14500 என்ற எண்ணோடு லித்தியம்-அயான் பேட்டரி விற்கிறார்கள். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றுக்கு 3.7 வோல்ட். எட்டைப் போட்டால் கேமராவுக்குள் 29 வோல்ட்டுக்கு மேல் பாயும். 'லித்தியம், ரீசார்ஜ்' என்ற இரண்டு சொல்லை மட்டும் படித்துவிட்டு வாங்கி, 120 டாலர் கேமராவை ஒரு நொடியில் கருக்கியவன் நான். 1.5 வோல்ட் என்று அச்சிட்ட ரீசார்ஜ் லித்தியமும் தனியாகக் கிடைக்கிறது. அது கேமராவுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் கடைசி வரை முழுதாக இருப்பதாகவே காட்டிவிட்டுத் திடீரென்று நின்றுவிடும் என்பதால், தொலைவிலிருந்து அளவைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்களுக்கு அது ஒத்துவராது.

நோவைக்காரன் எழுதியது:

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். என் இணையக் கடைக் கூடையில் அந்த 14500தான் கிடந்தது, எடுத்துவிட்டேன்.

இப்படி முடிவு செய்திருக்கிறேன். மூன்று கேமராக்களையும் ஒற்றைப் படத்துக்கு மாற்றிவிட்டேன். சாதாரணக் கேமராக்களில் ஒன்றை மட்டும் இந்த ஆண்டு குமார் அண்ணா சொன்னபடி இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடு மண்ணில் புதைத்துப் பார்க்கிறேன். சரிவந்தால் அடுத்த ஆண்டு இரண்டாவதற்கும் வாங்குவேன். இன்னொன்றுக்கு வீட்டில் இருக்கும் ரீசார்ஜ் பேட்டரிகளில் எட்டு. இன்று இரவு அது கொல்லைப்புற வேலியில் தொங்குகிறது. அடுத்த வீட்டுப் பூனையை இதுவரை நான்கு முறை படமெடுத்திருக்கிறது. ஓடைக் கரைக் கேமராவுக்கு மட்டும் எட்டு லித்தியம் ஏஏ வாங்கினேன், 20 டாலருக்குச் சற்று மேல் ஆனது. அதை நாளுக்கு இருமுறை அனுப்பும்படி அமைத்து, அக்டோபர் இறுதியில்தான் போடப் போகிறேன். அதுவரை சென்ற ஆண்டு மிஞ்சிய அல்கலைன்களே அதில் ஓடட்டும், குளிர்தான் இன்னும் வரவில்லையே. நவம்பர் 15க்குப் பிறகு இதே இடத்தில் நிலவரத்தை எழுதுகிறேன்.