ரேஷன் பாமாயிலும் போர்னியோ யானையும்

தேன்கனிக்கோட்டை ராகிக்காடு:

குடும்பத்தோடு காடு, தீவு என்று சுற்றப் போய் காட்டு உயிர்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

போன மே மாத விடுமுறையில் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போய் வந்தோம். போர்னியோ தீவின் வடக்கு முனை. நான், மனைவி, மகன், தங்கை, அவள் மகள், அப்பா. ஆறு பேர், எட்டு நாள். செலவை எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், தண்ணீர் வராத இரண்டு போர்வெல்.

அப்பாவைக் கிளப்புவதுதான் பெரும் பாடாக இருந்தது. வயது 72. "மிருகம் பாக்கக் காசு குடுத்துப் போவாங்களா? மார்கழியில நம்ம காட்டுக்கு வந்தா நான் சும்மாவே காட்டுவேன்" என்றார். நியாயம்தான். எங்கள் ராகி முற்றும் நேரம் பார்த்து ஜவளகிரி காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். பரண், டார்ச், தகர டின், பட்டாசு. நாற்பது வருஷமாக அப்பாவின் குளிர்காலம் இப்படித்தான் போகிறது. யானை என்று வாயால் சொல்லமாட்டார். "பெரியவங்க" என்பார்.

நம்மவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம் என்று ஆனது. வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பினால் போதும். பெங்களூரு, கோலாலம்பூர், அங்கிருந்து சண்டாக்கான். அத்திப்பள்ளி, சில்க் போர்டு நெரிசல் எல்லாம் தாண்டி விமான நிலையம் போய்ச் சேர்ந்ததுதான் முதல் சாகசம், அதை விடுங்கள்.

சண்டாக்கானிலிருந்து சுக்காவ் கிராமத்துக்கு வேனில் இரண்டரை மணி நேரம். காடு வரும், காடு வரும் என்று பிள்ளைகள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தது ஒரே மரம். குட்டைப் பனை மாதிரி, வரிசை வரிசையாக, மேடு பள்ளம் எதையும் விடாமல்.

"இது என்ன பனை? நுங்கு வெக்குமா?" என்றார் அப்பா.

"பாமாயில் மரம்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம ரேஷன்ல குடுக்கற பாமாயிலா?" என்றார். அதேதான், இங்கிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும்தான் வருது என்றேன். சுக்காவ் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கினாபாத்தாங்கான் ஆறு 560 கிலோமீட்டர் ஓடுகிறது, சபாவிலேயே நீளமானது. பால் தூக்கலாக விட்ட டீ நிறத்தில் தண்ணீர். காலை ஆறு மணிக்கு ஒரு படகு, மாலை நாலு மணிக்கு ஒரு படகு. மாலையில் நீள மூக்குக் குரங்குகள் ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வரும். போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. ஆணுக்கு மூக்கு வாயைத் தாண்டித் தொங்குகிறது, வயிறு எட்டு மாதக் கர்ப்பம் மாதிரி. அந்த வயிறு பல அறைகளாக இருக்கிறதாம், இலையை உள்ளே புளிக்கவைத்துச் செரிக்கிறது. தின்றதை வாய்க்குக் கொண்டுவந்து மறுபடி மெல்வதையும் ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். குரங்கு அசை போடுகிறது என்பதை அப்பாவுக்கு நம்பவைக்க ஒரு மாலை முழுக்க ஆனது.

ஒரே மாலையில் நான்கு வகைக் குரங்கு, இருவாச்சி, கழுத்து நீண்ட பாம்புத்தாரா. இவ்வளவு நெருக்கமாக எப்படி என்று படகோட்டியைக் கேட்டேன். கையை ஆற்றோரமாக நீட்டி, இரண்டு விரல் இடைவெளி காட்டினார். ஆற்றை ஒட்டிக் காடு ஒரு துண்டுதான், அதன் முதுகில் பாமாயில் தோட்டம். ஒதுங்க வேறு இடமில்லாமல் எல்லாம் கரைக்கு வந்து நிற்கின்றன, நாம் பார்த்து அதிர்ஷ்டம் என்கிறோம். 2005-ல் சரணாலயமாக அறிவித்த பரப்பு சுமார் 26,000 ஹெக்டேர். நம் காவிரி வடக்கு சரணாலயத்தில் பாதிதான் வரும், அதுவும் துண்டு துண்டாக.

எங்களை அனுப்பிய ஏஜென்ட் (பெயர் வேண்டாம்) "யானை கேரண்டி" என்று சொல்லியிருந்தார். முதல் இரண்டு சவாரியில் யானையும் இல்லை, சாணியும் இல்லை.

மூன்றாவது நாள் காலை. ஆற்றின் மேல் பனிமூட்டம். மோட்டார் சத்தத்துக்கு நடுவே அப்பா திடீரென்று கையைத் தூக்கினார். அவர் பேசியது படகோட்டிக்குப் புரிய வாய்ப்பே இல்லை, ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் மோட்டாரை அணைத்துவிட்டார். சடக், சடக் என்று தண்டு முறியும் சத்தம். "பெரியவங்க" என்றார் அப்பா, மெதுவாக.

பதினொன்று எண்ணினோம். ஆளுயரக் கோரையை விலக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. நம் யானையைவிடக் குட்டை, முகம் உருண்டை, காது பெரிது. வால் மட்டும் ஏறக்குறைய தரையைத் தொடுகிறது. ஒரு பெண் யானை எங்களுக்குப் பத்தடி தூரத்தில் புல்லைத் துதிக்கையால் சுற்றி வேரோடு பிடுங்கியது. வேரை முன்னங்காலில் தட்டியது, ஒன்று, இரண்டு, மூன்று. மண் உதிர்ந்ததும் வாயில் வைத்தது. மறுபடி பிடுங்கு, தட்டு, வை. அப்பா என் காதருகே, "ராகியையும் இப்பிடித்தான் தட்டும். ராத்திரி பரண்ல சத்தம் மட்டும்தான் கேக்கும். இப்பதான் பாக்கறேன்" என்றார்.

பக்கத்துப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். டார்ச் இல்லை, தகரம் இல்லை. அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை என்று தோன்றியது.

திரும்பும்போது படகோட்டியிடம் கேட்கச் சொன்னார்: "இதுங்க தோட்டத்துல பூந்தா என்ன பண்ணுவீங்க?" என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். இளம் பாமாயில் கன்றின் குருத்தைத் தின்றுவிடும், மின்வேலி போடுகிறார்கள், சில இடத்தில் அதைவிட மோசமும் நடக்கிறது என்றார். 2013 ஜனவரியில் சபா காட்டில் 14 யானைகள் செத்துக் கிடந்தன, விஷம் என்று சந்தேகம். செத்த தாயை எழுப்பப் பார்த்த ஒரு குட்டியின் படம் உலகமெல்லாம் சுற்றியது. அப்பா மூன்று விரலைக் காட்டி, "எங்க ஊர்லயும்னு சொல்லு" என்றார். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் மட்டும் நின்றதைச் சொன்னேன். படகோட்டி தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குமேல் மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

ஒகேனக்கல் பரிசல்துறை:

யானை பற்றி நீங்கள் எழுதிவிட்டீர்கள், நான் நீர்நாய் பற்றிச் சொல்கிறேன். வெளிநாடெல்லாம் இல்லை, நம் காவிரிதான். தாத்தா காலத்தில் பரிசலுக்கு மாட்டுத்தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். மற்றபடி அதே மூங்கில், அதே சுழல்.

போன வருஷம் அத்தை குடும்பம் சேலத்திலிருந்து வந்திருந்தது. விடிகாலையில் கூட்டம் சேருமுன் மேல்பக்கம் கூட்டிப்போனேன். பாறை இடுக்கிலிருந்து ஏழெட்டுத் தலை ஒரே சமயத்தில் எழும்பி, வீச் வீச் என்று விசில் அடித்து எங்களைப் பார்த்தன. ஒன்று கெளுத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பையன் கடலை மிட்டாய் கடிப்பது மாதிரி கடித்தது. அத்தை பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்தில் வலை எடுத்துக்கொண்டிருந்த மாமா மட்டும், "அது என்னோட மீனு" என்றார்.

அங்கே முதலை உண்டா? எங்கள் பக்கம் பாறையில் படுத்திருக்கும், ஆள் வந்தால் அதுவாகவே இறங்கிவிடும்.

பாலக்கோடு தக்காளி:

அட்டைப்பூச்சி இருக்குமா? எனக்கு அது ஒன்றுதான் பயம். சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

ராகிக்காட்டின் தங்கை, ஓசூர்:

அண்ணன் யானையோடு நிறுத்திக்கொண்டார். அட்டை பற்றி அவர் எழுதமாட்டார், கத்தியது அவர்தான். மழைக்காட்டு நடைக்கு முழங்கால்வரை நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். நம்முடையது வறண்ட பூமி, செம்மண்ணில் நடந்து பழகிய நமக்கு இலைநுனியில் நின்று ஆடும் அட்டை புதுசு. அண்ணன் கழுத்தில் ஒன்று ஏறிவிட்டது. வழிகாட்டி நகத்தால் வழித்து எடுப்பதற்குள் அப்பா வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு வைத்துவிட்டார். அட்டை விழுந்தது. அண்ணன் கழுத்து இரண்டு நாள் எரிந்தது.

சாப்பாடு: சோறு, மீன், கோழி தாராளம். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் ராகி மாவும் மாங்காய் ஊறுகாயும் எடுத்துப் போனோம். விடுதிச் சமையல்காரம்மா அப்பாவுக்குக் களி கிண்டிப் பார்த்துக் கைவலியோடு சிரித்தார்.

நான் சொல்ல வந்தது ஆமை. சண்டாக்கானிலிருந்து கடலில் ஒரு மணி நேரம், செலிங்கான் தீவு. 1977-லிருந்து ஆமைகளுக்கான பூங்கா. இருட்டியபின் கரையில் யாரும் நடக்கக் கூடாது, விளக்கு கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காவலர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கியே விட்டார்கள். ஒன்பதரை மணி வாக்கில் கூப்பிட்டார்கள்.

பச்சை ஆமை, எங்கள் வீட்டு அண்டாவைக் கவிழ்த்தது மாதிரி. பின்கால்களால் மண்ணைக் குழித்து அதில் முட்டை விட்டுக்கொண்டிருந்தது. பிங்பாங் பந்து போல, வழவழவென்று, ஈரமாக, இரண்டு மூன்றாக விழுந்தன. கண்ணிலிருந்து கோழை மாதிரி நீர் வழிந்தது. "அழுதா அம்மா?" என்றாள் மகள். உடம்பில் சேர்ந்த உப்பை அப்படி வெளியேற்றுகிறது என்று காவலர் சொன்னார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் பிரசவ அறை ஞாபகம் வந்துவிட்டதால் நான் வாதாடவில்லை.

முட்டைகளை எடுத்துப்போய் வேலியிட்ட மணலில் புதைக்கிறார்கள். சில குழி வெயிலில், சில குழி நிழலில். மண் சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண். "அப்ப தருமபுரியில பொதைச்சா எல்லாம் பொண்ணுதானா?" என்று அண்ணன் மகன் கேட்டான், ஏப்ரல் வெயிலை நினைத்திருப்பான். கடைசியாக ஒரு கூடைக் குஞ்சுகளைக் கரையில் கவிழ்த்தார்கள். ஒன்று வழிதவறி அப்பாவின் செருப்பில் ஏறிவிட்டது. தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அது தானாக இறங்கும்வரை அப்பா ஒற்றைக் காலில் நின்றமாதிரி அசையாமல் நின்றார். நாற்பது வருஷமாக அப்பா எந்த விலங்குக்கும் வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

செப்பிலோக்கில் ஒராங்குட்டானும் பார்த்தோம். 1964-லிருந்து இயங்கும் மறுவாழ்வு மையம், தாயிழந்த குட்டிகளைக் காட்டுக்குப் பழக்குகிறார்கள். பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், வையுங்கள். நல்ல இடம், ஆனால் கூட்டம்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு:

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு அந்தமான் இருக்கிறது. போர்ட் பிளேரில் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள்) தமிழ் பேசினால் கடையில் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார். பாராடங் தீவுக்குப் போக ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டு வழியே வண்டிகள் வரிசையாகத்தான் விடப்படும். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. எடுக்க முயன்ற ஒரு வண்டிக்காரரோடு எங்கள் டிரைவர் சண்டையே போட்டார், சரிதான் அது.

சாயங்காலம் அலையாத்திக் காட்டுக்கு நடுவே கிளித்தீவு என்ற சின்னத் திட்டுக்குப் படகில் போனோம். நாலு திசையிலிருந்தும் கிளிகள் அடைய வருகின்றன, ஆயிரக்கணக்கில். எல்லாரும் ஆகா என்றபோது அம்மா, "இத்தனையும் நம்ம தோப்புக்கு வந்தா ஒரு பெங்களூரா மாங்கா மிஞ்சுமா?" என்றார்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹேவ்லாக் தீவில் கடலில் நீந்தும் ராஜன் யானையைக் காட்டுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அது 2016-லேயே இறந்துவிட்டது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மகள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

தேன்கனிக்கோட்டை ராகிக்காடு:

பரிசல்துறை நண்பருக்கு: முதலை உண்டு. உவர்நீர் முதலை, உங்கள் பாறை முதலையைவிடப் பெரிசாக வளரும், ஆளைக் கண்டு இறங்கும் ஜாதி இல்லை. படகிலிருந்து கையைத் தண்ணீரில் விடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நீர்நாயும் உண்டு, உங்கள் காவிரியில் இருக்கும் அதே இனம்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மார்கழி பாதியில் கூட்டம் வந்தது, ஐந்து. நானும் அன்று பரணில் இருந்தேன். அரைக் காடு ராகி போனது. வழக்கமாகச் சத்தம் கேட்ட உடனே பட்டாசைக் கொளுத்துபவர், அன்று டார்ச்சை அடித்து ஒன்றின் பின்பக்கத்தில் நிறுத்தினார்.

"வால் கட்டைதாண்டா நம்மளுதுக்கு" என்றார்.

அப்புறம், "அந்தத் தகரத்தை எடு" என்றார்.