டேஷ்போர்டு கடிகாரம் விட்டுவிட்டு எரிகிறது: மாத்தணுமா, சரிபண்ணலாமா?

வெள்ளைசெடான்: வணக்கம். 1997 மாடல் ஜப்பானிய செடான். டேஷ்போர்டு நடுவில் பச்சை எண்கள் ஒளிரும் கடிகாரம். சில நாள் எரியுது, சில நாள் இருட்டாவே கிடக்கு. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினா திடீர்னு வந்துடும். வரும்போது நேரம் சரியாத்தான் காட்டுது. புதுசு கிடைக்கல. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் பழசு தேடி வாங்கிப் போடச் சொல்றாங்க. வாங்கலாமா?

மீட்டர்போர்டு: அவசரப்படாதீங்க. நேரம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே, அதுதான் முக்கியம். இந்த வகைக் கடிகாரத்துக்குப் பொதுவா நாலு வயர்: எப்பவும் இருக்கும் பேட்டரி 12 வோல்ட், சாவியை ஏசிசிக்கு (இன்ஜின் ஓடாம ரேடியோ மட்டும் வேலை செய்யும் நிலை) திருப்பினா வரும் 12 வோல்ட், லைட் போட்டா வெளிச்சத்தைக் குறைக்கும் வயர், எர்த். நேரம் ஓடுறது முதல் வயரில், திரை எரியறது ரெண்டாவதில். முதல் வயர் போயிருந்தா ஒவ்வொரு தடவையும் நேரம் அழிஞ்சு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்படின்னா ரூம் லைட் ஃபியூஸைப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன், பல கார்களில் ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ்.

ஏர்பேக் இருந்தா பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் விட்டுட்டு அப்புறம் டேஷ்போர்டில் கை வைங்க. ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டுன்னா அதை முதலிலேயே எழுதி வச்சுக்கோங்க. கடிகாரத்தைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்புங்க, ஸ்க்ரூடிரைவர் டேஷ்போர்டைக் கீறிடும். சாக்கெட்டைக் கழற்றினதும் பேட்டரியை மறுபடி மாட்டி, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வச்சு அளந்து சொல்லுங்க. வயர் நிறத்தை நம்பாதீங்க, மாடலுக்கு மாடல் மாறும்.

வெள்ளைசெடான்: அளந்தேன் அண்ணே. எப்பவும் இருக்கும் வயரில் 12.4. சாவி போட்டா இன்னொன்றில் 12.3. எர்த் வயருக்கும் கார் பாடிக்கும் நடுவில் மீட்டரை வச்சா, இணைப்பு இருக்குன்னு பீப் சத்தம் வருது.

மீட்டர்போர்டு: அப்போ வயரிங்கில் குறை இல்லை, கோளாறு கடிகாரத்துக்குள்ளதான். பின்மூடியைத் திறந்து, போர்டில் மத்ததைவிடப் பெருசா இருக்கும் ரெசிஸ்டர்களைத் தேடுங்க. திரைக்குப் போற மின்சாரம் அதுங்க வழியாப் போறதால நல்லா சூடாகும். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ரெசிஸ்டரின் கம்பிக் காலைச் சுத்தியிருக்கும் ஈயம் விரிசல் விடும். லென்ஸ் வச்சு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிச்சுப் பாருங்க. கால் நடுவில் புள்ளி மாதிரி தெரியும், அதைச் சுத்தி முடி கனத்தில் ஒரு கறுப்பு வளையம். ஸ்பீட் பிரேக்கரில் எரியறதுக்குக் காரணம் அந்த வளையம்தான்.

புதுப்பேட்டையில் கிடைக்கிறதும் இதே வயசுதான், அதுலயும் இதே விரிசல் காத்திருக்கும்.

ஈயப்பற்று: மேலேயே இன்னொரு சொட்டு ஈயம் வச்சு விட்டுடாதீங்க, சில மாசத்தில் திரும்ப விடும். பழைய ஈயத்தை உருக்கி, சக்கரால் (ஈயம் உறிஞ்சும் கை பம்ப்) உறிஞ்சி எடுங்க. ரெசிஸ்டர் காலைப் பிளேடால் லேசாச் சுரண்டி, ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்ட உதவும் பசை) தடவி, 63/37 (தகரம் 63, ஈயம் 37 சதவீதம்) ஈயக்கம்பி 0.8 மி.மீ. வச்சுப் புதுசாப் பத்தவைங்க. சால்டரிங் அயர்ன் முனை 350 டிகிரி செல்சியஸ், ஒரு இணைப்புக்கு 2, 3 விநாடி போதும். அதுக்கு மேல பிடிச்சா செம்புத் தடம் போர்டிலிருந்து உரிஞ்சு வந்துடும். தகரம் பத்தவைக்கிற ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், தடத்தை அரிச்சுடும்.

ரெசிஸ்டர் கருகியிருந்தா ஒரு காலைத் தூக்கி அளங்க. மாத்தினா அதே ஓம், வாட் அதே அளவு அல்லது கூட. கண்ணாடித் திரையின் ஓரத்தில் சின்னக் கூர்முனை இருந்தா அது மேல எதுவும் படக்கூடாது. உடைஞ்சா உள்ளே காத்து புகுந்து திரையே போயிடும்.

ஹாட்ச்பேக்: என்னோடது வேற மாதிரி. சாம்பல் திரை, கறுப்பு எண்கள். பகலில் நல்லாத் தெரியுது, ராத்திரி இருட்டு.

ஈயப்பற்று: அது எல்சிடி. பின்னால் இருக்கும் சின்ன பல்ப் போயிருக்கும். பின்பக்கம் கால் சுற்று திருப்பினா பல மாடலில் ஹோல்டரோட வந்துடும். அதே அளவு 12 வோல்ட் பல்ப் போடுங்க. எல்ஈடி போட்டு எரியலைன்னா திருப்பி மாட்டிப் பாருங்க. எண்ணில் கோடு விட்டுப்போனா மட்டும் திரைக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பட்டையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைங்க.

வெள்ளைசெடான்: ரெண்டு ரெசிஸ்டரில் வளையம் இருந்தது, ஒன்னு தொட்டதும் ஆடுச்சு. புதுசாப் பத்தவச்சாச்சு, எரியுது. மூடிடலாமா?

மீட்டர்போர்டு: பொறுங்க தம்பி. சாக்கெட்டை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு 20 நிமிஷம் நல்லாச் சூடாகட்டும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பக்கத்தில் மெல்லத் தட்டுங்க. ஹெட்லைட் போட்டா வெளிச்சம் குறையணும், அணையக்கூடாது. அணைஞ்சா மீதி ரெசிஸ்டர் கால்களையும் லென்ஸில் பாருங்க. அணையலைன்னா மூடிடுங்க.