ரஸ்புடின் ஆற்றில் மூழ்கியா செத்தான்?

பழையரீல்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: ரஷ்யப் பேரரசர் ஜாரின் குடும்பத்திடம் செல்வாக்குப் பெற்றிருந்த ரஸ்புடின் விஷம் வைத்தும் சாகவில்லை, சுட்டும் சாகவில்லை, கடைசியில் ஆற்றில் மூழ்கித்தான் செத்தான், சினிமாப் படங்கள் நடந்ததைத்தான் காட்டுகின்றன என்று. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பெத்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிணத்தை அறுத்துப் பார்த்த பேராசிரியர் கொசொரோதோவ் கண்டது மூன்று குண்டுக் காயங்கள். ஒன்று நெற்றியில். பிணத்தின் புகைப்படம் இன்றும் இருக்கிறது, நெற்றி ஓட்டையைக் கண்ணாலேயே பார்க்கலாம். நெற்றியில் குண்டு வாங்கியவன் எப்படி ஐயா நீந்துவான்?

நெவாக்கரை: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டுங்கள். அதே புகைப்படத்தில் இரண்டு கைகளும் மேலே தூக்கியிருக்கின்றனவே, அது கண்ணில் படவில்லையா? ஆற்றில் போடும்போது கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போராடியிருக்கிறான். விருந்துக்கு அழைத்து விஷ கேக்கை ஊட்டிய இளவரசர் யூசுப்போவே அவன் சாகவில்லை என்று எழுதியிருக்கிறார். கொலை நடந்த அவருடைய மாளிகையின் நிலவறையில் இருந்தது அவர், நீங்கள் இல்லை.

பழையரீல்: பனிக்கு அடியில் இரண்டு நாள் கிடந்து விறைத்த உடம்பு அது. கை எப்படி இருந்தால் என்ன? யூசுப்போவ் கொலைகாரர். நிராயுதபாணியை விருந்துக்கு அழைத்துக் கொன்றேன் என்பதைவிட, சாகாத பிசாசோடு மல்லுக்கட்டினேன் என்பது அவருக்குப் பெருமை. அதைப் புத்தகமாக்கி விற்றார், ஸ்டூடியோக்கள் வாங்கிக்கொண்டன. அப்பாவுக்கு இனிப்பே பிடிக்காது என்று மகள் மரியா சொன்னதை எந்தப் படம் காட்டியது?

நெவாக்கரை: மகளும் நிலவறையில் இல்லை.

சாமிநாதம்: இருவருக்கும் ஒன்று. அவன் துறவியே இல்லை. சைபீரியாவின் பொக்ரோவ்ஸ்கோயே கிராமத்து விவசாயி, மனைவி, பிள்ளைகள் உள்ளவன். 1966 படத்தின் தலைப்பிலேயே 'பைத்தியத் துறவி' என்று போட்டார்கள். முதலில் அதைத் திருத்துங்கள்.

நெவாக்கரை: தலைப்பைப் பற்றி யார் கேட்டார்கள்? விஷத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

பழையரீல்: படங்கள் உண்மை என்றீர்களே, இதைக் கேளுங்கள். 1932இல் ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம் எடுத்த படத்தில் ஓர் இளவரசியை ரஸ்புடின் கெடுப்பதாக வரும். அது நான்தான் என்று யூசுப்போவின் மனைவி இரினா லண்டனில் வழக்குப் போட்டார். 1934இல் 25,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. 'கதாபாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே' என்ற அறிவிப்பு எங்கும் பரவியது அதற்கு அப்புறம்தான். கொலை நடந்த இரவில் இரினா கிரிமியாவில் இருந்தார்.

நெவாக்கரை: அது அவதூறு வழக்கு. விஷம் வேலை செய்ததா என்று அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. இவானைப் பற்றிய பழைய விவாதத் திரியிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

பழையரீல்: இவானை யார் இழுத்தது? அந்தத் திரியில் பாதியில் ஓடியது நீங்கள்.

மல்லிச்செடி: 1997இல் வந்த 'அனஸ்தேசியா' கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டு என் மகள், "ரஸ்புடின் சாபம் போட்டதால்தான் ராஜா குடும்பம் செத்ததா அம்மா?" என்று கேட்டாள். அவன் செத்தது 1916 டிசம்பரில். ஜார் பதவி விலகியது 1917இல், குடும்பத்தைச் சுட்டது 1918 ஜூலையில். ஜாரின் வம்சமான ரோமானோவ்களின் 300ஆம் ஆண்டு விழாவைக்கூட அந்தப் படத்தில் 1913இலிருந்து 1916க்கு நகர்த்திவிட்டார்கள். போரும் பசியும் எங்கே போயின?

நெவாக்கரை: குழந்தைகள் படத்துக்கு வரலாற்றுப் பரீட்சையா அம்மா?

மல்லிச்செடி: குழந்தைகள்தானே நம்புகிறார்கள்?

சாமிநாதம்: ரஷ்யர்களே எடுத்த படம் இருக்கிறது, இயக்குநர் கிளிமோவ். 1975இல் முடித்தும் சோவியத் திரைக்கு வர 1985 ஆனது. அதில் ரஸ்புடினாக நடித்த பெத்ரென்கோவின் கண்களைப் பாருங்கள். துறவி என்ற சொல்லுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழையரீல்: நல்ல படம். ஆனால் கேள்வி ஒன்றுதான், நெற்றியில் குண்டு பாய்ந்தவன் நீந்துவானா? நேற்றிலிருந்து கேட்கிறேன்.

நெவாக்கரை: கை ஏன் மேலே இருக்கிறது? நானும்தான் கேட்கிறேன்.

பழையரீல்: விறைத்ததால். மூன்று குண்டு. புகைப்படத்தை மறுபடி போடுகிறேன், நெற்றியைப் பாருங்கள்.

நெவாக்கரை: போடுங்கள். கையையும் வெட்டாமல் போடுங்கள்.